கம்பெனியோடு சமாதானமாவது

இராஜபாளையம்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் பிளஸ்ஸிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆக்லாந்தில் குளிர் தொடங்கிவிட்டது என்று சொன்னாய், நீயும் மாப்பிள்ளை ஜெபினும் எலினா குட்டியும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை மதுரையில் உன் அம்மாவுக்கு இதய வால்வு ஆபரேஷன் என்பது உனக்கே தெரியும், அதை வைத்துக்கொண்டு சுகம் என்று எழுதினால் நீயே சிரிப்பாய். மற்றபடி சாப்பிடுகிறாள், தெரு முனை வரை நடக்கிறாள், மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. சப்பட்டை மாம்பழம் வந்துவிட்டது, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துண்டு எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்கிறாள், எனக்குத் தெரியாது என்று நான் வைத்துக்கொள்கிறேன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ வர வேண்டாம் என்று நாங்கள்தான் சொன்னோம், அதை நினைத்து நீ மனம் வருந்தக் கூடாது. இதைப் பேனாவால் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு ஜாஸ்மின் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். போனில் பேச முடியாததால்தான் எழுதுகிறேன். நாம் பேசும்போது உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாள், அவள் இல்லாத நேரம் நீ தூங்குகிறாய்.

போன வாரம், அம்மா ஏன் இப்படி வாடிக் கிடக்கிறாள், ஆபரேஷன் பயமா என்று கேட்டாய். அந்தப் பயம் அவளுக்கு இல்லை. அவள் கோயிலில் திருவிருந்து எடுத்து நாலைந்து மாதம் ஆகிறது. எல்லோரும் பீடத்துக்குப் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும்போது அவள் மட்டும் பெஞ்சில் இருந்துவிடுகிறாள். ஆபரேஷன் மேஜையில் படுக்கும் முன் ஒரு தடவை எடுத்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் தவிக்கிறாள், ஆனாலும் எழுந்து போக மாட்டேன் என்கிறாள். அதற்குக் காரணம் உன் பொன்னுராஜ் மாமாவின் சாவு. மாமா மில்லில் வேலை பார்க்கும்போது நெஞ்சுவலி வந்து இறந்தான் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். அப்போது நீ நிறைமாதம், மிச்சத்தைச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அன்று மதிய ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சூப்பர்வைசர் காளிராஜ் நூல் கூடை தள்ளும் வண்டியில் அவனை ஏற்றிக் கேட்டுக்குக் கொண்டுவந்தார். மில்லின் ஆம்புலன்ஸ் அன்று சேத்தூரில் கம்பெனி நடத்திய இலவச மருத்துவ முகாமில் நின்றது. ஆனால் கேட்டுக்கு வெளியே ஆட்டோ இருந்தது. புதுக் கம்பெனி மில்லை வாங்கிய பிறகு, ஷிப்ட் நடுவில் யாரும் வெளியே போக வேண்டுமானால் மேனேஜர் தன் போனில் சரி என்று அழுத்த வேண்டும், அழுத்தினால்தான் கேட் திறக்கும். நூல் திருட்டுப் போகிறது என்று போட்ட விதி. மேனேஜர் கோயம்புத்தூரில் மீட்டிங்கில் இருந்தார், மீட்டிங்கில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. வாட்ச்மேன் மலைச்சாமியிடம் ஒரு சாவி உண்டு, தீப்பிடித்தால் மட்டும் தொட வேண்டும் என்று உத்தரவு. கடைசியில் அவர் உத்தரவைப் பார்க்காமல் அந்தச் சாவியால் திறந்தார். அதற்குள் எவ்வளவு நேரம் போயிற்று என்று கேட்காதே, ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மாமா இல்லை. முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன், அவர் சீட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் கேட்டைத் திறந்ததற்கு மலைச்சாமிக்கு மெமோ கொடுத்தார்கள். இந்தக் காரியம் முழுவதிலும் தவறு செய்தவர் என்று எழுத்தில் பெயர் வந்த ஒரே ஆள் அவர்தான்.

நம் வீட்டு வழக்கம் உனக்கு நினைவிருக்கும். திருவிருந்து ஞாயிறுக்கு முன், யாரோடு மனக்குறை இருக்கிறதோ அவர் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் திருவிருந்துக்கு எழுவதில்லை. குற்றம் யாருடையது, யார் முதலில் போவது என்றெல்லாம் பார்ப்பதில்லை. பின் வீட்டாரோடு சாக்கடைத் தண்ணீருக்குச் சண்டை போட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அங்கே போய்க் காபி குடித்து வந்து, அதில் சர்க்கரையே இல்லை என்று உன் அம்மா என்னிடம் மட்டும் சொன்னாளே, அந்த வழக்கம்தான். மாமாவை அடக்கம் செய்த பிறகு கிறிஸ்மஸ் வருவதற்குள் அவள் மலைச்சாமி வீட்டுக்குப் போனாள், நானும் போனேன். அவர், அக்கா, சாவி எங்கையிலதான் இருந்துச்சு, வேல போயிரும்னு பயந்துட்டேன், எம் பயத்துக்கு உங்க தம்பிய கொடுத்துட்டேன் என்று அழுதார். ஏலே, அழாத, நீ ஒருத்தன்தான் திறந்த, போய்க் காபிய கொண்டா என்றாள். காளிராஜ் வீட்டிலும் அப்படித்தான். நான் போன் மேல போன் போட்டேம்மா, அவிய எடுக்கல, அதுக்கு மேல என்ன செய்யணும்னு எனக்கு ஆரும் சொல்லித் தரல என்றார். அங்கேயும் குடித்தாள். வரும் வழியில், ரெண்டு பேரும் நல்ல மனுசங்கதான், நெஞ்சுல இப்ப பாரம் இல்ல என்றாள். அந்தக் கிறிஸ்மஸ் அன்று திருவிருந்தும் எடுத்தாள். இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஜனவரியில் அதே கம்பெனி நம் கோயிலுக்கு முன்னால் வெயிலுக்கு ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தது. நல்ல கொட்டகை, குறை சொல்ல ஒன்றுமில்லை, கல்யாண வீட்டார் எல்லோரும் இப்போது அதன் கீழேதான் நிற்கிறார்கள். சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து என்று பலகையும் வைத்தார்கள். திறந்து வைத்த ஞாயிறு அன்று குருவானவர் பிரசங்க பீடத்தில் நின்று கம்பெனியின் பெயரைச் சொல்லி நன்றி கூறி, அதை ஆசீர்வதிக்க வேண்டும் என்று ஜெபமும் பண்ணினார். நாங்கள் கை தட்டினோம், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சோற்றை வடித்துக்கொண்டே உன் அம்மா சொன்னாள். நன்றி வாங்கிக்கிட ஆளு இருக்குன்னா கோபத்த வாங்கிக்கிடவும் ஆளு இருக்கணும்லா, பேரச் சொல்லி ஜெபம் பண்ணுதாக, அப்ப அதுவும் ஒரு ஆளுதான, எனக்கு அந்த ஆளு மேல மனக்குறை இருக்கு, இம்புட்டு நாளும் அது தெரியாம நான் பீடத்துக்குப் போய்ட்டு வந்திருக்கேன் என்றாள். அடுத்த திருவிருந்துக்கு எழவில்லை. குருவானவர் வீட்டுக்கே வந்தார். கம்பெனிக்கு ஆத்துமா கிடையாதும்மா, ஆத்துமா இல்லாததோட ஒப்புரவாகணும்னு நமக்குக் கடமை இல்ல என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் அவருக்குப் பலகாரத் தட்டை நகர்த்திக்கொண்டே, ஆத்துமா இல்லாததுக்கு எதுக்கு ஐயா ஆசீர்வாதம் கேட்டீக என்றாள். அவருக்குச் சின்ன வயது, நல்ல பிள்ளை. யோசிச்சு சொல்லுதேம்மா என்று எழுந்து போனார். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன், என்னைக் கண்டால் முதலில் ஆபரேஷனைப் பற்றித்தான் விசாரிக்கிறார்.

இதில் எனக்கு ஒரு தனி வேதனை உண்டு. நான் வணிகவியல் வாத்தியார். ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளியில் வருடா வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடம் இது. நிறுமம், அதாவது கம்பெனி, சட்டத்தால் உருவான செயற்கை மனிதன், அதற்கு உடல் இல்லை, அதற்குச் சாவும் இல்லை, உறுப்பினர்கள் வருவார்கள் போவார்கள் அது இருந்துகொண்டே இருக்கும், கை இல்லாததால் கையெழுத்துக்குப் பதில் முத்திரை போடும். இரண்டு மதிப்பெண் கேள்வி. சாவில்லை என்பதை எழுதாமல் விட்ட பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். வகுப்பில் உதாரணம் சொல்லாமல் எதையும் விடமாட்டேன், ஓடுகிற ஆற்றைச் சொல்வேன், தண்ணீர் மாறும் ஆறு மாறாது என்பேன், பிள்ளைகள் தலையாட்டும். உன் அம்மா இப்போது கேட்கிறாள், எம்புட்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தீக வாத்தியாரே, அது மன்னிப்பு எப்படி கேக்கும்னு உங்க பாடத்துல இல்லையா என்று. இல்லை. கண்ணாடி உடைந்தால் நான் முழு வகுப்பையும் நிற்க வைப்பேன், யார் உடைத்தது என்று தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் லீடர் பையனாவது முன்னால் வந்து, சார், எங்க கிளாஸ்தான் சார், தப்புதான் என்பான். எனக்கு அது போதும், உட்காரச் சொல்லிவிடுவேன். இங்கே அப்படி முன்னால் வரும் லீடர் யார் என்று தேடிப் பார்த்தேன். மில்லை ஒரு கம்பெனி வைத்திருக்கிறது, அந்தக் கம்பெனியைக் கோயம்புத்தூரில் இன்னொன்று வைத்திருக்கிறது, அதை மும்பையில் ஒன்று. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் உப்பிலியை உனக்குத் தெரியும். அவரிடம் யோசனை கேட்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சாயங்காலம் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என்னையும் வடக்கு மாட வீதி வரை நடத்திக்கொண்டே பேசினார். ஓய் வேதசிரோமணி, இதுல என்ன அதிசயம், கோயில் நிலத்துக்குப் பட்டா எங்க பெருமாள் பேர்லதான் இருக்கு, கோர்ட்ல அவரே வாதி, அவரும் சட்டத்துல ஒரு ஆள்தான் என்றார். பிறகு துளசி மாலை வாங்கிக்கொண்டே, ஆனா எனக்குக் கோபம்னா நேரா போய் முன்னால நின்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துடுவேன், அவர் பதில் சொல்லாட்டாலும் மூஞ்சியத் திருப்பிக்க மாட்டார், உம்ம கம்பெனிக்கு மூஞ்சியே இல்லையே ஓய் என்றார். அவருடைய அண்ணன் மகள் ப்ரியம்வதா அதே மில்லில் ஆட்களைப் பார்க்கும் பிரிவில் அதிகாரியாக இருக்கிறாள். நீ அங்கே செய்கிற அதே வேலை. அவளிடம் சொல்லி எங்களுக்கு ஒரு நேரம் வாங்கிக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா உடனே நல்ல சேலை எடுத்து வைத்தாள். கம்பெனிக்கு வீடு எதுன்னு தெரியாம இருந்தேன், ஆபீஸ்தான் அதுக்கு வீடு, அங்க போய்க் காபி குடிச்சிட்டு வந்துருவோம், முடிஞ்சுபோகும் என்றாள். நான் தடுக்கவில்லை. முடிந்துபோகும் என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது.

அந்தப் பெண் எங்களைக் கேட்டிலேயே வந்து கூட்டிப்போனாள். மலைச்சாமி எழுந்து நின்றார், எங்களுக்கும் கழுத்தில் மாட்டும் அட்டை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார், அது அவர் வேலை. குளிர்ந்த அறை. உன் அம்மா வந்த காரியத்தை நேராகச் சொன்னாள். சண்டைக்கு வரல தாயி, கொடுக்க வேண்டிய பணத்தக் கொடுத்துட்டீக, அதுல ஒரு குறையும் இல்ல, எந்தம்பி கேட்டுக்கு உள்ள கிடந்தான், அது தப்புன்னு ஆராவது ஒரு வார்த்த சொல்லிட்டா நான் காபிய குடிச்சிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன் என்றாள். ப்ரியம்வதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா, எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்புதான், ஆனா நான் மன்னிப்பு கேட்டா அது நான் கேட்டதாத்தான் இருக்கும், கம்பெனி கேட்டதா ஆகாது, கம்பெனி சார்பா வருத்தம்னு சொல்லலாம் தப்புன்னு சொல்லக்கூடாதுன்னு வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கார் என்றாள். பிறகு எழுந்து போய், வராந்தாவில் இருக்கும் மிஷினில் காபி பிடித்துக் காகிதக் கப்பில் கொண்டுவந்து வைத்தாள். உன் அம்மா அதைக் கையில் எடுக்கவில்லை. இது ஆரு கொடுக்க காபி தாயி, நீ கொடுக்கியா கம்பெனி கொடுக்கா என்று கேட்டாள். அந்தப் பெண் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான்தான் குடுக்கறேன்மா என்றாள். அப்பக் குடிக்கேன், உங்கிட்ட எனக்கு ஒரு குறையும் கிடையாது என்று சொல்லி முழுவதையும் குடித்தாள். வெளியே வந்ததும், நம்ம பிளஸ்ஸி மாதிரி இருக்கா, பாவம், எவ்வளவு நேரம் அந்தக் குளிர்ல உக்காந்திருக்காளோ என்றாள். பஸ்ஸிலிருந்து எப்போதும் போல எனக்கு முன்னால் இறங்கினாள், அவ்வளவுதான்.

நான் விடாமல் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில் எழுதினேன், ஜாஸ்மின்தான் அடித்துக் கொடுத்தாள். ஆளைக் குற்றம் சொல்லாமல், விதியைக் குற்றம் சொல்லாமல், நடந்தது தவறு என்று ஒரு வாக்கியம் மட்டும் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அனுப்பி முடித்து ஜாஸ்மின் போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. உங்கள் கருத்துக்கு மதிப்பளிக்கிறோம், இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம் என்று. மறுநாள் இன்னொன்று வந்தது, எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை கொடுப்பீர்கள் என்று. அதைப் படித்துக் காட்டியபோது உன் அம்மா சிரித்துவிட்டாள். அஞ்சையும் கொடுத்துருங்க, அதயாவது ஆரும் வாங்குதாகளான்னு பாப்போம் என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அதற்குத்தான்.

நேற்று ஞாயிறு. ஆபரேஷனுக்கு முன் இதுதான் கடைசித் திருவிருந்து. சனிக்கிழமை முழுவதும் எனக்குத் தெரிந்த உதாரணம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். நாய் கடித்தால் நாயோடு சமாதானமா ஆவோம் என்றேன். நாய்க்கு ஆரும் கோயில்ல நன்றி சொல்லலயே என்றாள். மழை பெய்து சுவர் விழுந்தால் மழையை மன்னிப்பதா என்றேன். மழை கேட்டைப் பூட்டிட்டு மீட்டிங்குக்குப் போகாது என்றாள். மனதில் மன்னித்துவிட்டதாக வைத்துக்கொண்டு போ என்றும் சொன்னேன், மன்னிச்சத ஆருகிட்ட போய் சொல்லுவேன் என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். கோயிலில் எங்கள் பெஞ்சின் முறை வந்தபோது, நான் கடந்து போவதற்காக வழக்கம்போல முழங்காலை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டாள். நான் எழவில்லை. நீங்க ஏன் உக்காந்திருக்கீக, உங்களுக்கு ஆரோட சண்டை என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கும் அதே ஆளோடதான் என்றேன். நீங்க வம்புக்குச் சொல்லுதீக, எனக்காக உக்காராதீக, வெள்ளிக்கிழமை எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுல ஒருத்தராவது எடுத்தவுக இருக்கணும், போங்க என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். போனேன். முழங்காலிட்டேன். குருவானவர் என் கையில் அப்பத்தை வைக்கும்போது என் தலைக்கு மேல் எங்கள் பெஞ்சைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் செய்ய முடியாது, எனக்கும் முடியாது.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் துணி அடுக்கும்போது அவளாகவே ஒரு பேச்சை எடுத்தாள். பிளஸ்ஸியும் அந்தப் பொண்ணு மாதிரி நாற்காலியிலதான இருக்கா, அவகிட்ட என்னய மாதிரி ஒருத்தி வந்து நின்னா அவ என்ன சொல்லுவா, கேட்டு எழுதுங்க என்றாள். போன வருடம் உன் கம்பெனியில் ஆட்களை நிறுத்தியபோது நீ போனில் அழுதாய், நான் நிறுத்தவில்லை அப்பா, கம்பெனி நிறுத்துகிறது, நான் மெயில் மட்டும்தான் அனுப்புகிறேன் என்றாய். அப்போது நான் உனக்கு ஆறுதல் சொன்னேன், அது உன் குற்றம் இல்லை என்றேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். உன்னைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை மகளே. உன் அம்மா கேட்டது எனக்குத் தெரியாத கேள்வி, நீ அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவள், அதனால் உன்னிடம் அனுப்புகிறேன்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்புகிறோம், வியாழன் மாலைக்குப் பிறகு அவளிடம் போன் இருக்காது. அதற்குள் கூப்பிடு, வீடியோவில் எலினாவை முதலில் காட்டு, பிறகு பேசு. அவளைச் சமாதானப்படுத்தப் பார்க்காதே, நான் பார்த்துத் தோற்றாயிற்று. மாப்பிள்ளையிடம் பணம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல், குழந்தைக்கு ஊசி போடும் நாளை மறந்துவிடாதே, நீ பால் கொடுக்கிறவள், வேளைக்குச் சாப்பிடு. உங்கள் மூவரையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், போகும்போதும் வரும்போதும் உங்களோடு இருக்கட்டும். அம்மா கேட்டால், கம்பெனி என்ன சொல்லும் என்று சொல்லாதே, அது எங்களுக்குத் தெரியும். உனக்குப் பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல், ஆனால் அதை நீயாகச் சொல்.

உன் அப்பா,
சா. வேதசிரோமணி